மறுகூறல் கேட்கும் கரை: கல்முனைப் பகுதியில் விண்வெளிக் கற்பனைத் தொடர்களும் அவற்றைப் பற்றிய பேச்சும்

விண்வெளிக் கற்பனைத் தொடர் எனப்படுவது, விண்கலங்களும் வேற்றுக் கோள்களும் நிறைந்திருந்தாலும், அவை எவ்வாறு இயங்குகின்றன என்ற அறிவியற் கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பை ஏற்காமல், மறைவான ஓர் ஆற்றல், முன்னறிவிப்பு, வாளேந்திய துறவியர் குலம், பறிபோன அரசு, காணாமற்போன பிள்ளை ஆகியவற்றைக் கொண்டு கதையை நடத்திச் செல்லும் தொலைக்காட்சி வகையாகும். 1977ஆம் ஆண்டு மே 25ஆம் திகதி திரைக்கு வந்த ‘ஸ்டார் வோர்ஸ்’ படத்தை அதன் படைப்பாளர் ஜோர்ஜ் லூகாஸ் அறிவியற் புனைவு என்பதைவிட விண்வெளிக் கற்பனை என்று அழைப்பதையே விரும்பினார். அப்படத்திலிருந்து கிளைத்த தொடர்களே இன்று இவ்வகையின் முகமாக இருக்கின்றன. 1956 முதல் 2008இல் மறையும்வரை இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், கோளின் ஈர்ப்பையும் கலத்தின் வேகத்தையும் கணக்கிட்டு எழுதும் மறுதரப்பைச் சேர்ந்தவர். அரை நூற்றாண்டு அவர் இத்தீவில் இருந்தபோதிலும், இத்தீவின் கிழக்குக் கரைக்குப் பழகிய கதைமரபு அவருடைய கணக்குகளைவிட லூகாஸின் மாயங்களுக்கே நெருக்கமானது என்பதைப் பின்வரும் செய்திகள் காட்டும்.

இத்தொடர்களின் ரசிகர் பலருக்குத் தொடரைப் பார்ப்பது பாதி வேலை மட்டுமே. ஒரு பகுதி வெளியான ஓரிரு நாட்களுக்குள், அதைப் பார்த்த இருவரோ மூவரோ கூடி, காட்சி காட்சியாக அதைத் திரும்பச் சொல்லி, முந்திய பகுதிகளோடு பொருத்தி, பிழை பிடித்து, வரப்போவதை ஊகித்துப் பேசும் ஒலிப்பதிவு இணையத்தில் வந்துவிடுகிறது. இதுவே மறுகூறல் பொட்காஸ்ட். நாற்பது நிமிடப் பகுதியொன்றுக்கு இரண்டு மணி நேரப் பேச்சு என்பது இத்துறையில் வியப்புக்குரியதன்று. பொட்காஸ்ட் என்ற பெயர் 2004இல் பிரித்தானிய நாளிதழொன்றில் முதன்முதலாக எழுதப்பட்டது. மறு ஆண்டிலேயே ‘பெட்டில்ஸ்டார் கலக்டிகா’ தொடரை ஆக்கிய ரொனால்ட் டி. மூர், தம் தொடரின் பகுதிகளுக்கு வீட்டிலிருந்தபடியே பேச்சுரை பதிவுசெய்து வெளியிடத் தொடங்கினார். படைத்தவரே விளக்கம் சொன்ன அக்காலம் விரைவில் கடந்து, விளக்கம் சொல்லும் உரிமை பார்ப்பவரிடம் வந்தது. ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரொன்றைப் பகுதி பகுதியாக அலசிய ‘த கிரேட்டஸ்ட் ஜெனரேஷன்’ 2016இல் தொடங்கியது. மெலரி ரூபின் போன்றோர் நூல்களையும் தொடர்களையும் வரிவரியாக ஆராய்ந்து பேசுவதையே முழுநேரத் தொழிலாக்கிக்கொண்டனர்.

மறுகூறல் இவ்வளவு தேவைப்பட்டதற்குக் காரணம் தொடர்களின் அமைப்பிலேயே இருக்கிறது. முன்னைய தொலைக்காட்சித் தொடர் தன்னளவில் நிறைவுடையதாக இருந்தது. இன்றைய விண்வெளித் தொடரோ வேறொரு தொடரின் முடிவில் தொடங்கி, மூன்றாவது தொடரொன்றின் நடுவில் தன் முடிச்சை அவிழ்க்கிறது. 2019 நவம்பரில் தொடங்கிய ‘த மெண்டலோரியன்’ தொடரின் இரண்டாம் பருவ முடிவில் பிரிந்த வீரனும் பச்சைக் குழந்தையும் மீண்டும் ஒன்றுசேர்வது, அதே தொடரில் அன்று, ‘த புக் ஒவ் போபா ஃபெட்’ என்ற வேறொரு தொடரின் இறுதிப் பகுதிகளில் ஆகும். ஆகவே முதலாவதை மட்டும் பார்த்துவந்தவர் 2023 மார்ச்சில் மூன்றாம் பருவத்தைத் திறந்தபோது, போன குழந்தை எவ்வாறு திரும்பி வந்தது என்று திகைத்திருப்பார். அதே ஆண்டில் வந்த ‘அசோகா’ தொடரை முழுமையாக விளங்கிக்கொள்ள, 133 பகுதிகள் கொண்ட ‘த குளோன் வோர்ஸ்’ கார்ட்டூன் தொடரையும் அதன் பின் வந்த ‘ரெபல்ஸ்’ தொடரையும் பார்த்திருக்க வேண்டும். வேலையும் பிள்ளைகளும் உள்ள ஒருவருக்கு இது நடக்கக்கூடிய காரியமன்று. முன்கதை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்தாலே கதை ஓடும். ‘ஸ்டார் வோர்ஸ்’ படங்களின் தொடக்கத்தில் திரையின் ஆழத்தை நோக்கி நகர்ந்து செல்லும் மஞ்சள் எழுத்துகளும், 1930களின் ‘ஃபிளாஷ் கோர்டன்’ வாராந்தப் படங்களிலிருந்து லூகாஸ் எடுத்துக்கொண்ட மறுகூறலே.

ஒருவர் படிக்க மற்றொருவர் சொல்லிக் கொடுக்கும் இவ்வமைப்பு, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று பொத்துவில் வரையில் நீளும் அம்பாறைக் கரைக்குப் புதியதன்று. உமறுப் புலவர் பதினேழாம் நூற்றாண்டில் இயற்றிய சீறாப்புராணம் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களைக் கொண்டது. அதனைத் தனியே இருந்து வாசித்துப் பொருள் அறியக்கூடியவர் எக்காலத்திலும் சிலரே. ஒருவர் செய்யுளை இராகத்தோடு பாட, மற்றொருவர் அதன் பொருளைப் பேச்சுத் தமிழில் விரித்துரைக்க, கூடியிருந்தோர் இடையிடையே ஐயம் கேட்கவும் திருத்தம் சொல்லவும் செய்வதே அக்காப்பியம் தமிழ் முஸ்லிம் ஊர்களில் வாழ்ந்த முறையாகும். அயலிலுள்ள தமிழ் ஊர்களின் கோயில்களில் நடக்கும் புராண படனத்திலும் வாசிப்பவர் ஒருவர், பயன் சொல்பவர் ஒருவர் என்ற இதே பங்கீடு உண்டு. மருதமுனைக்கும் கல்முனைக்கும் இடையிலுள்ள பாண்டிருப்பின் திரௌபதை அம்மன் கோயிலில், பாரதக் கதை பதினெட்டு நாள் விழாவாகவே நீண்டு, தீமிதிப்போடு நிறைவுறுகிறது. இரு சமயத்தாரும் அடுத்தடுத்து வாழும் இக்கரையில், கதையை ஒரே மூச்சில் கேட்டு முடிப்பது வழக்கமாக இருந்ததில்லை. நேற்று நின்ற இடத்தை ஒருவர் நினைவூட்ட, அங்கிருந்து தொடர்வதே வழக்கம்.

கதையின் உள்ளடக்கத்திலும் நெருக்கம் உண்டு. கிஸ்ஸா என்பது அறபு, பாரசீகக் கதைமரபிலிருந்து தமிழுக்கு வந்து, பாட்டும் உரைநடையும் கலந்து சொல்லப்பட்ட நெடுங்கதை. மசலா என்பது கேள்விகளைத் தொடுத்து விடைகளால் நகரும் நூல். இன்று கிடைக்கும் தமிழ் இஸ்லாமிய இலக்கியங்களுள் மிகப் பழையதாகக் கருதப்படும் ‘ஆயிர மசலா’ 1572இல் மதுரையில் அரங்கேறியது. வானங்களின் அடுக்கும் பூமியின் தாங்குதளமும் படைப்பின் தொடக்கமும் பற்றி நபிகளாரிடம் கேட்கப்பட்ட கேள்விகளால் ஆன அந்நூலுக்கு ‘அதிசய புராணம்’ என்ற மறுபெயர் இருப்பது பொருத்தமே. இங்கு ஓர் எல்லையையும் குறிப்பிட வேண்டும். 1590இல் ஆலிப் புலவர் பாடிய ‘மிகுராசு மாலை’ நபிகளாரின் விண்ணேற்றத்தைச் சொல்வதால் அதனை விண்வெளிக் கதைகளோடு ஒப்பிட்டுவிடும் ஆசை சில கட்டுரையாளருக்கு எழுவதுண்டு. அது ஈமானுக்குரிய செய்தி, கற்பனை அன்று, ஆதலால் அவ்வொப்பீடு கூடாது. கிஸ்ஸாவின் நிலை வேறு. கிஸ்ஸாவைக் கேட்பவர் வியப்புக்காகவே கேட்டார். சொல்பவரும் வியப்பைக் கூட்டியே சொன்னார்.

கிஸ்ஸாக்களுள் தமீம் அன்சாரியின் கதை இவ்வாய்வுக்கு மிக இன்றியமையாதது. இரவில் வீட்டிலிருந்தே ஜின்னால் தூக்கிச் செல்லப்பட்ட தமீம், மனிதர் அறியாத நாடுகளிலும் தீவுகளிலும் அலைந்து, பல்லாண்டுகளின் பின் ஊர் திரும்பி, இறந்துவிட்டார் என்று எண்ணிய மனைவியின் மறுமணத்தையும், தாமே தமீம் என்று மெய்ப்பிக்க வேண்டிய வழக்கையும் எதிர்கொள்கிறார். தமிழில் மட்டுமன்றி மலாய் மொழியிலும் கிழக்கு ஆபிரிக்கச் சுவாஹிலியிலும் வழங்கும் இக்கதை, இந்து சமுத்திரத்தின் முஸ்லிம் துறைமுகங்களையெல்லாம் தொட்டு வந்தது. இதனை அறிந்த ஒருவர், ‘ரெபல்ஸ்’ தொடரின் இறுதியில் எஸ்ரா பிரிட்ஜர் என்ற இளைஞன் விண்வெளித் திமிங்கிலங்களால் பெயர் தெரியாத இடத்துக்கு இழுத்துச் செல்லப்படுவதையும், ஆண்டுகள் கழிந்தபின் ‘அசோகா’ தொடரில் வேறொரு விண்மீன் மண்டலத்தில் கண்டுபிடிக்கப்பட்டு வீடு திரும்புவதையும் பார்க்கும்போது, இதைச் செய்தவர் கிஸ்ஸா கேட்டவரோ என்றுகூட எண்ணக்கூடும். கேட்டிருக்க மாட்டார் என்பது வெளிப்படை. ஆயினும் தூக்கிச் செல்லப்பட்டவன் திரும்பி வரும்போது ஊர் அவனை எப்படி ஏற்கும் என்ற கவலை, கடலுக்குப் போனவரும் வளைகுடாவுக்குப் போனவரும் நிறைந்த ஊர்களில் கற்பனையாக மட்டும் கேட்கப்படுவதில்லை. (தமிழ்த் திரையும் இக்கருவை ஒருமுறை தொட்டது: 1963இல் வந்த எம்.ஜி.ஆரின் ‘கலையரசி’ படத்தில் வேற்றுக் கோளினர் நாயகியைத் தூக்கிச் செல்கின்றனர். அதன் பின் அறுபது ஆண்டுகளாகத் தமிழ்த் திரை விண்வெளிப் பக்கம் தலைவைத்த தடவைகள் மிகக் குறைவு என்பது வருந்தத்தக்கது.)

கேட்டல் என்ற பழக்கத்தைத் தனியே நோக்க வேண்டும். மருதமுனை கைத்தறிக்குப் பெயர்போன ஊர். தறியில் இருப்பவரின் கையும் காலும் கண்ணும் வேலைக்குள் கட்டுண்டிருக்க, காது மட்டும் ஓய்ந்திருக்கும். வட்டை எனப்படும் வயல்வெளியில் வாடி கட்டி இராக்காவல் இருப்பவருக்கும், கரைவலை இழுத்து முடித்து வலை பொத்துபவருக்கும் நிலை அதுவே. இக்காதுகளுக்காகவே இக்கரையில் கவி பாடப்பட்டது. பக்கீர்மார் றபான் அடித்துப் பைத்துப் பாடினர். பிற்காலத்தில் இலங்கை வானொலி பேசியது. சுயாதீனத் தொலைக்காட்சி 1979இலும் ரூபவாஹினி 1982இலும் தொடங்கிய பின்னரும், நெடுங்காலம் இப்பகுதியின் பொதுக் கதைசொல்லியாக இருந்தது வானொலியே. சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ போன்ற வானொலித் தொடர் நாடகங்கள், அடுத்த வாரத்தை எண்ணிக் காத்திருக்கும் பழக்கத்தைத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கற்றுக்கொடுத்தன. இதே காலத்தில், 1981இல், அமெரிக்கப் பொது வானொலி ‘ஸ்டார் வோர்ஸ்’ கதையைப் பதின்மூன்று பகுதிகள் கொண்ட ஒலிநாடகமாக்கி, மார்க் ஹமிலையே லூக் பாத்திரத்துக்குப் பேசவைத்தது. விண்கலமும் ஒளிவாளும் இல்லாமல் வெறும் ஓசையாலேயே அக்கதை நின்றது என்பது, காதின் வலிமையை ஐயுறுவோர் கவனிக்கத்தக்கது. ஆகவே இன்று தறியிலோ கடையிலோ ஓட்டோவிலோ இருந்துகொண்டு காதில் செருகிய கருவியால் மறுகூறல் கேட்கும் இளைஞர் புதிய பழக்கமொன்றை மேற்கிலிருந்து பெற்றவர் அல்லர். வானொலி விட்டுச்சென்ற இடத்தில் அவர் வேறொரு குரலை அமர்த்தியிருக்கிறார்.

எனினும் அந்தக் குரல் யாருடையது என்ற கேள்வி எளிதன்று. ஆங்கில மறுகூறல்களின் பேச்சாளர் பெரும்பாலும் லொஸ் ஏஞ்சலிஸிலோ நியூயோர்க்கிலோ இருப்பவர். கதையில் அவர் காணும் பொருள் அவருடைய வரலாற்றிலிருந்தே வருகிறது. டொனி கில்ரோய் ஆக்கிய ‘ஆண்டோர்’ தொடரின் முதற் பருவத்தை எடுத்துக்கொள்வோம். ஆல்தானி என்ற கோளின் மேட்டுநிலத்தில் வாழ்ந்த மக்களைப் பேரரசு தாழ்நிலத்துக்கு அகற்றிவிட்டு, அவர்களுடைய புனிதப் பள்ளத்தாக்கில் அணையும் படைமுகாமும் அமைக்கிறது. வான்கற்கள் பொழியும் விழாவுக்கு மேலே நடந்துவரும் யாத்திரையைத் தடைசெய்யாமல், வழியெங்கும் சத்திரங்களை வைத்துக் களைத்தோரை அங்கேயே நிறுத்தி, ஆயிரக்கணக்கானோர் நடந்த பாதையைச் சிறு கூட்டத்தின் பாதையாக ஆக்கிவிடுகிறது. இந்தத் தந்திரத்தைப் படைத்தலைவர் பெருமையாகவே எடுத்துரைக்கிறார். காட்சி ஸ்கொட்லாந்தின் மலைப்பகுதியில் படமாக்கப்பட்டதால், மேற்கத்தியப் பேச்சாளருக்குப் பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் அங்கு நடந்த குடியகற்றம் நினைவுக்கு வருவது இயல்பு. கல்முனையில் இருந்து பார்ப்பவருக்கு அந்நினைவு இல்லை. அவருக்கு வருவது பலாங்கொடைக்கு அருகே குராகலைக் குன்றிலுள்ள தப்தர் ஜெய்லானி. கிழக்குக் கரையிலிருந்தும் ஸியாரத்துக்காகப் பரம்பரையாக மக்கள் சென்ற அத்தலம், பழைய பௌத்த குகைகளைக் கொண்ட தொல்லியற் களமும் ஆதலால், பல பத்தாண்டுகளாக உரிமைப் பிணக்குக்கு உட்பட்டிருக்கிறது. இரண்டும் ஒன்றே என்று சொல்வது மிகை. ஆனால் ஒரு யாத்திரை எவ்வாறு சட்டமின்றியே சுருங்குகிறது என்ற நுட்பத்தை அக்காட்சியில் முதலில் கண்டுகொள்ளும் கண் எது என்று கேட்டால், அது லொஸ் ஏஞ்சலிஸில் இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

ஃபிராங்க் ஹேர்பர்ட் 1965இல் எழுதிய ‘டூன்’ நாவலும், அதன் உலகிலிருந்து 2024இல் எச்பிஓ வெளியிட்ட ‘டூன்: ப்ரொபெசி’ தொடரும் இதைவிட வெளிப்படையான சான்றுகள். மஹ்தியின் வருகையை எதிர்நோக்கும் பாலைவன மக்கள், ஹஜ் பயணம், ஜிஹாத் என்று நாவலின் அடித்தளமே இஸ்லாமிய வரலாற்றிலிருந்து கடன்பெற்றது. ஹாரிஸ் துரானி போன்ற ஆய்வாளர் இதனை விரிவாக எழுதியுள்ளனர். மத்ரசாவில் ஓதிய ஒரு பதின்ம வயதுப் பிள்ளைக்குச் சொல்லாமலே விளங்கும் செய்தியைப் பேச்சாளர் அகராதி பார்த்துத் தடுமாறிச் சொல்லும்போது, கேட்பவர் சொல்பவரைவிட அறிந்தவராக இருக்கும் விசித்திர நிலை தோன்றுகிறது. சீறா படிக்கும் சபையில் இவ்வாறு நேர்ந்தால், முன்வரிசையில் இருக்கும் பெரியவர் ஒருவர் கையை உயர்த்தி உரைகாரரை நிறுத்தியிருப்பார். பொட்காஸ்டை அவ்வாறு நிறுத்த முடியாது. கடிதமும் குரற்பதிவும் அனுப்பலாம், அடுத்த வாரம் அதைப் படிக்கவும் செய்வார்கள், ஆயினும் உம் கொட்டும் ஓசையும் “மறுகா?” (பிறகு?) என்ற அவசரமும் சொல்பவரின் வேகத்தை அந்தந்தக் கணத்திலேயே மாற்றும் ஆற்றல் அதில் இல்லை. பழைய முறையின் இழப்பு என்று எதையேனும் சொல்வதானால் இதனைத்தான் சொல்ல வேண்டும்.

தமிழிலேயே இதற்கு மாற்று இருக்கிறதே என்று சிலர் சொல்லலாம். ‘மிஸ்டர் தமிழன்’ முதலான யூடியூப் அலைவரிசைகள் வெளிநாட்டுப் படங்களையும் தொடர்களையும் தமிழ்க் குரலில் கதையாகச் சொல்கின்றன, பார்ப்போரும் பலர். ஆனால் அவை மறுகூறல் அல்ல, பதிற்கூறல். படத்தைப் பார்க்காதவருக்குப் படத்தின் இடத்தில் நிற்பதே அவற்றின் பணி. இரண்டரை மணி நேரக் கதை பதினைந்து நிமிடங்களில் தீர்ந்துவிடுகிறது, பாத்திரங்களின் பெயர்கூடப் பல வேளைகளில் உதிர்ந்துவிடுகிறது. மறுகூறலோ கேட்பவர் பார்த்துவிட்டார் என்ற நம்பிக்கையில் தொடங்குவது. சுருக்குவது அதன் நோக்கமன்று, ஒரு பார்வையையோ ஒரு கதவடைப்பையோ பத்து நிமிடம் விரிப்பதே அதன் இன்பம். உரைகாரர் மரபுக்கு வாரிசு இதுவே. மருதமுனை அவ்வகையில் வறண்ட மண்ணன்று: புலவர்மணி ஆ.மு. ஷரிபுத்தீனும், இருபத்தோராம் நூற்றாண்டிலும் மரபுச் செய்யுளில் காவியங்கள் எழுதிய அவருடைய மகன் ஜின்னாஹ் ஷரிபுத்தீனும் அவ்வூரினர், கல்முனைக்குடி திறனாய்வாளர் எம்.ஏ. நுஃமானின் ஊர். நெடுங்கதையைத் தாங்கவும் நுணுக்கிப் பேசவும் தெரிந்த ஊர்களிலிருந்து, தம் பேச்சுவழக்கிலேயே ஒரு விண்வெளித் தொடரை வாரந்தோறும் அலசும் பொட்காஸ்ட் எழுவதற்கு மொழியும் ஆளும் குறையில்லை. அத்தகைய பேச்சில் எஸ்ராவுக்குப் பக்கத்தில் தமீம் வந்து நிற்பார். ஆல்தானிக்குப் பக்கத்தில் ஜெய்லானி வரும். அவ்வொப்பீடு சரியா என்ற சண்டையும் வரும், அதுவும் வேண்டியதே.

கடைசியாக, முடிவை முன்கூட்டிச் சொல்லிவிடுவது பற்றிய அச்சத்தைக் கருதலாம். இன்றைய ரசிகர் உலகில் அது பெருங்குற்றம். ஒவ்வொரு மறுகூறலும் எச்சரிக்கையோடுதான் தொடங்குகிறது. சீறாவின் சபையில் இவ்வச்சத்துக்கு இடமே இருக்கவில்லை, பத்ருப் போரில் யார் வென்றார் என்பது முதல் விருத்தத்துக்கு முன்பே எல்லோருக்கும் தெரியும். எப்படிச் சொல்கிறார் என்று கேட்கவே வந்தார்கள். புதிய தொடர்களுள் ‘ஆண்டோர்’ மட்டும் இந்நிலையைத் தொட்டது. 2016இல் வந்த ‘ரோக் வன்’ படத்திலேயே கசியன் ஆண்டோர் இறந்துவிட்டான் என்பதை அறிந்தவர்களே இருபத்து நான்கு பகுதிகளையும் பார்த்தனர். 2025இல் வந்த இரண்டாம் பருவம் வாரத்துக்கு மூன்று பகுதிகளாக, இலங்கை நேரப்படி புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு வெளியாகி, மே மாத நடுவில், அவன் அந்தப் படத்தின் தொடக்கத்துக்கு நடந்து செல்வதோடு நிறைவுற்றது. பேச்சு நிறைவுறவில்லை. 2001இல் முடிந்துபோன ‘ஸ்டார் ட்ரெக்: வோயேஜர்’ தொடரை அதில் நடித்த கரெட் வாங், ரொபர்ட் டங்கன் மெக்னீல் ஆகிய இருவரும் 2020இல் முதற் பகுதியிலிருந்து மீண்டும் பார்த்து ‘த டெல்டா ஃபிளையர்ஸ்’ என்ற பெயரில் பேசத் தொடங்கி, அத்தொடரை முழுவதும் கடந்த பின் அடுத்த தொடருக்குப் போனார்கள், தங்களுக்கே மறந்துபோன காட்சிகளைக் கேட்பவர் எழுதி அனுப்பி நினைவூட்டியதும் உண்டு.